தோட்டத்தில் கிடந்த இறகு யாருடையது? செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றி ஏழெட்டு ஊர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஏதாவது இறகு கிடந்தால் எடுத்து வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புவார்கள். சிலர் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தனுப்புவார்கள், சிலர் வாட்ஸப்பில் படம் போடுவார்கள். "இது நம்ம ஊர்ப் பறவையே இல்லை தம்பி" என்ற குறிப்போடுதான் பெரும்பாலும் வரும். பத்துக்கு ஒன்பது நம்ம ஊர்ப் பறவையாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இறகு கிடைத்ததும் முதலில் எதைப் பார்ப்பது? நிறத்தையா?

இல்லை. நிறம் கடைசி. முதலில் அந்த இறகு பறவையின் உடம்பில் எந்த இடத்தில் இருந்தது, என்ன வேலை பார்த்தது என்று கண்டுபிடியுங்கள். பாதிப் புதிர் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

பழக எளிய வழி காக்கை இறகு. அது கிடைக்காத தோட்டம் கிடையாது. நீளமானது ஒன்றை எடுத்து நடுத்தண்டைப் பாருங்கள். தண்டு நட்டநடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு புறம் இறகு குறுகலாகவும் மறுபுறம் அகலமாகவும் இருந்தால் அது சிறகின் ஓரத்து இறகு. குறுகலான பக்கம்தான் பறக்கும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும் பக்கம். தண்டு நடுவில் நேராக ஓடி இரு பக்கமும் சம அகலமாக இருந்தால் வாலின் நடு இறகாக இருக்க வாய்ப்பு அதிகம். வாலின் ஓரத்து இறகு இரண்டுக்கும் நடுவில் நிற்கும், குழப்பும்.

சின்னதாக, வளைந்து, அடிப்பாகம் பஞ்சுபோல் இருந்தால் அது மார்பு, முதுகு அல்லது வயிற்று இறகு. உடம்பின் சூட்டைக் காப்பதுதான் அதன் வேலை. உண்மையைச் சொன்னால், இந்த ரக இறகை வைத்துப் பறவையைச் சொல்வது கடினம். சாம்பல் நிறப் பஞ்சு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி "எந்தப் பறவை?" என்று கேட்டால் நான் "புறாவாக இருக்கலாம்" என்பேன். அது பதில் அல்ல, மரியாதை.

அளவை எப்படிச் சொல்வது?

பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் ஒரு ரூபாய்க் காசு. "பெரிய இறகு" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. மைனா அளவே இருக்கும் கொண்டலாத்தியைக் கழுகு என்று நினைத்தவர்களும் உண்டு.

முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, செங்கல் நிறத்தில் ஒரு இறகு கிடந்தது. கழுகா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பதில் கேட்டால் நம்ப மாட்டீர்கள்: மயில்.

மயில் என்றதும் நமக்குத் தோகைதான் கண்ணில் நிற்கிறது. ஆண் மயிலின் சிறகை விரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அது பறந்து மதில் மேல் ஏறும்போது கவனியுங்கள். சிறகின் ஓரத்து நீண்ட இறகுகள் நல்ல செம்பழுப்பாக, நம்ம ஊர்ச் செம்புராங்கல் நனைந்தால் வருமே, அந்த நிறத்தில் இருக்கும். ஒரு அடிக்கு மேல் நீளம், விறைப்பு, தடித்த தண்டு. தனியாகத் தரையில் கிடந்தால் யாருக்கும் மயில் ஞாபகம் வராது. தோளை ஒட்டிய இறகுகள் வேறு மாதிரி. மங்கிய மஞ்சள் வெள்ளையில் கறுப்பு வரிவரியாக இருக்கும். அதையும் பருந்து என்று கொண்டுவருவார்கள்.

இன்னொன்று. தோகை மயிலின் வால் இல்லை. முதுகின் பின்பகுதியில் முளைக்கும் இறகுகள் நீண்டு அப்படித் தொங்குகின்றன. உண்மையான வால் அதற்கு அடியில், தோகையைத் தாங்கிப் பிடிக்கும் பழுப்பு விசிறியாக இருக்கிறது. அதில் 20 இறகுகள். அகலமான, பளபளப்பில்லாத பழுப்பு இறகு ஒரு முழம் அளவுக்குக் கிடைத்தால் அந்த விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். தோகையிலும் எல்லா இறகுக்கும் கண் கிடையாது. மிக நீளமானவற்றின் நுனி மீன்வால்போல் பிளந்து நிற்கும். "கண் கழன்று விழுந்துவிட்டது" என்று ஒருவர் வருத்தப்பட்டார். கழன்று விழவில்லை, அந்த இறகுக்குக் கண்ணே கிடையாது.

இதே நிறத்தில், ஆனால் ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் கிடைத்தால் அது செம்போத்து. சிறகு செம்பழுப்பு, வால் கறுப்பு. வேலியோரம், வாழைக்கு அடியில் நடந்து திரிகிற பறவை. எனவே நிறம் ஒன்றாக இருந்தாலும் அளவு பிரித்துக் காட்டிவிடும்.

குன்றக்குடிப் பக்கத்தில் இருப்பவர்கள் எதைக் கண்டாலும் முதலில் மயிலையே சந்தேகப்படுவது நல்லது. மலையே மயில் வடிவம் என்று மயூரகிரி என்ற பெயர் வைத்திருக்கும் ஊர் அது.

நீல இறகு கிடைத்தது. வெயிலில் பிடித்தால் நீலம் போய்விடுகிறது. சாயம் பூசியதா?

சாயம் இல்லை. பறவை இறகில் நீலத்துக்கென்று நிறமி பெரும்பாலும் கிடையாது. இறகின் கிளை இழைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள் உள்ள அமைப்பு ஒன்று இருக்கிறது. அது ஒளியில் நீலத்தை மட்டும் பிரித்துத் திருப்பி அனுப்புகிறது. மேலிருந்து வெளிச்சம் பட்டால் நீலம். ஜன்னலுக்கு நேரே தூக்கி, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி பிடித்தால் வெறும் பழுப்பு. சர் சி. வி. ராமன் 1930-களில் பறவை இறகின் நிறங்களை ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்ட பறவைகளில் ஒன்று நம்ம பனங்காடை.

அந்தப் பனங்காடைதான் இங்கே முதல் சந்தேகம். மின்கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மங்கலாக இருக்கும். பறந்தால் சிறகில் அடர்நீலமும் வானநீலமும் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரே இறகில் கரும் ஊதா நீலம், நடுவில் வெளிர்நீலப் பட்டை என்று இருந்தால் வேறு யோசனை வேண்டாம்.

ஒரு பக்கம் நீலம், தண்டைத் தாண்டிய மறுபக்கம் கறுப்பு என்றால் வெண்மார்பு மீன்கொத்தி. ஊருணியே இல்லாத தெருவில் மீன்கொத்தி எப்படி வரும் என்று கேட்காதீர்கள். பெயர்தான் மீன்கொத்தி, வெட்டுக்கிளியும் ஓணானும் பிடித்துத் தின்று தோட்டத்திலேயே காலம் தள்ளும்.

ஐப்பசியை ஒட்டிக் கிடைக்கும் சிறிய, பளிச்சென்ற நீல இறகுக்கு மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு: ஆறுமணிக்குருவி. வடக்கே இருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. இரவில் பயணம் செய்து களைத்துப்போய் வீட்டுச் சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழுவது சகஜம். காலையில் முற்றத்தில் மயங்கிக் கிடந்தால் ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது. தெளிந்தபின் மாலையில் தோட்டத்தில் விட்டால் போய்விடும்.

கறுப்பு வெள்ளையில் புள்ளி வைத்த இறகு. மரங்கொத்தியா, ஆந்தையா?

இதில் நானே ஒருமுறை மண்ணைக் கவ்வியிருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி கொடுத்தனுப்பிய இறகு. கருஞ்சாம்பல் நிறம். அதன் மேல் கோலப்புள்ளி வைத்ததுபோல் வெள்ளை வட்டங்கள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், வரிசை பிசகாமல். இவ்வளவு ஒழுங்கான புள்ளியை எந்தக் காட்டுப் பறவையிலும் நான் பார்த்ததில்லை. இரண்டு வாரம் தேடினேன். அரிய வலசைப் பறவை என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். பிறகு நேரில் போய் "எங்கே கிடந்தது ஆச்சி?" என்று கேட்டேன். "அந்த மதில் ஓரம்" என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆறு கின்னிக்கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து எனக்கு ஒரு விதி: வளர்ப்புப் பறவையைக் கணக்கில் கழிக்காமல் காட்டுப் பறவைக்குப் போகக் கூடாது. நாட்டுக்கோழி, சண்டைச் சேவல், வான்கோழி, கின்னிக்கோழி, கூண்டுக்கிளி எல்லாவற்றையும் தெருவில் விசாரித்துவிடுங்கள். சேவலின் கழுத்து இறகு ஒன்று போதும், பொன்னும் பச்சையுமாக மின்னி ஆளை ஏமாற்ற.

இனி கேள்விக்கு. கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசை, கூடவே தண்டு கம்பிபோல் விறைப்பு என்றால் மரங்கொத்தி. வால் இறகாக இருந்தால் நுனி கூராகத் தேய்ந்திருக்கும். மரத்தில் செங்குத்தாக நிற்கும்போது அது வாலை முட்டுக்கொடுத்துத்தான் உட்காருகிறது. பழுப்பில் வெள்ளைப் புள்ளி, தொட்டால் மெத்தென்று இருந்தால் புள்ளி ஆந்தை. புள்ளி இல்லாமல் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை குறுக்கே போனால் கொண்டலாத்தி. அதன் கொண்டை இறகு கிடைத்தால் சந்தேகமே வராது: ஆரஞ்சு கலந்த மண் நிறம், நுனியில் கறுப்பு மை தொட்டதுபோல்.

பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டின் மேல்மாடியில் பட்டுபோல ஒரு இறகு கிடந்தது. இரவில் சத்தமும் கேட்கிறதாம்.

செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி இது. வருஷத்தில் ஒருமுறை, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கிற வீடுகள் எத்தனை! சாளரத்தில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தால் போதும், உள்ளே குடித்தனம் வந்துவிடும். வந்திருப்பது கூகை.

இறகை எடுத்துப் பாருங்கள். பொன் மஞ்சள் கலந்த வெளிர் நிறம், மேலே சாம்பல் தூவியதுபோல். விரலால் தடவினால் வெல்வெட். மேற்பரப்பு முழுக்க மெல்லிய பூனைமயிர்போல ஒரு படலம் இருக்கும். இப்போது இறகின் குறுகலான ஓரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சிறகின் வெளி ஓரத்து இறகாக இருந்தால், அந்த ஓரம் சீப்புப் பல்போல வரிசையாகப் பிரிந்து நிற்பது தெரியும். காற்று அந்தப் பற்களில் பட்டுச் சிதறுகிறது. மறு ஓரம் குஞ்சம் வைத்த துண்டுபோல மிருதுவாக முடியும். ஆந்தை இனம் சத்தமில்லாமல் பறப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். காக்கை இறகைக் காதருகே வீசிப் பாருங்கள், விசுக்கென்று கேட்கும். இதை வீசினால் ஒன்றும் கேட்காது. இறகு பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் செய்து காட்டுவது இதைத்தான்.

இறகு கிடந்த இடத்துக்கு அருகில் கட்டைவிரல் பருமனில் சாம்பல் கறுப்பு உருண்டைகளும் கிடக்கும். எச்சம் இல்லை. செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் கூகை வாய் வழியாகக் கக்கி எறிந்தவை. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் எலி மண்டையோடு முழுசாகக் கிடைக்கும். கைக்கு உறை, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். ஒரு வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் அப்படிப் பிரித்துக் காட்டியபோது, அதுவரை "விரட்டிவிடுங்கள்" என்றிருந்த பெரியவர், "இவ்வளவு எலி நம்ம வீட்டிலயா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அந்த உடைந்த கண்ணாடியை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரவில் கேட்ட சத்தம்? கூகை அலறும், குஞ்சுகள் சீறும், மூச்சு இழுப்பதுபோல் இரையும். ஆள் இல்லாத வீட்டில் பேய்க்கதை கிளம்ப வேறென்ன வேண்டும்?

வரிவரியாக இருக்கிறது. வல்லூறு என்று நினைக்கிறோம்.

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் பெண் குயிலைக் கழித்துவிடுங்கள். ஆண் குயில் கறுப்பு, அது எல்லோருக்கும் தெரியும். பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் வரியும். பார்த்தும் அது குயில் என்று தெரியாதவர்கள் நிறைய.

நான் பார்க்கும் முறை இது: அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை வரி என்றால் குயில். வெளிறிய நிறத்தின் மேல் கறுத்த வரி என்றால் வல்லூறு.

நீளமாக, ரிப்பன்போல வெள்ளை இறகு. கொக்கா?

தண்டைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அரசவால் ஈபிடிப்பான் ஆணின் வால் இறகு அது. மைனா அளவுகூட இல்லாத குருவிக்கு ஒரு அடியை எட்டும் வால். குளிர்காலத்தில் நிழலான மாந்தோப்புகளில் வரும். தண்டும் வெள்ளை என்றால் கொக்கை நினைத்துக்கொள்ளலாம்.

இளஞ்சிவப்பு இறகு ஒன்று கண்மாய்க்கரையில் கிடைத்தது. பூநாரையா?

பூநாரைக்கு முன்னால் சங்குவளை நாரையைக் கேளுங்கள். அதன் முதுகுப்பக்கம், சிறகின் உள் இறகுகள் அழகான ரோஸ் நிறம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி சரணாலயத்தில், 1977-இல் அறிவிக்கப்பட்டது, மழைக்குப் பின் நாரைகளும் கொக்குகளும் மரம் நிறைய உட்கார்ந்திருக்கும். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தப் பறவைகள் இரை தேடிச் சுற்று வட்டாரக் கண்மாய்களுக்கெல்லாம் போகும், போகிற இடத்தில் உதிர்க்கும்.

முழு இறகும் அடர் ரோஸ், அடித்தண்டு வரை ஒரே சாயம் என்றால் குழந்தைகளின் கைவினைப் பொருள் பாக்கெட்டிலிருந்து பறந்து வந்தது. இதுவும் எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது.

ஒரே இடத்தில் இறகு குவியலாகக் கிடக்கிறதே?

அது உதிர்ந்தது இல்லை, கொலை நடந்த இடம். தண்டின் அடியைப் பாருங்கள். முழுசாகப் பிடுங்கப்பட்டு, சில தண்டுகளில் அலகு கவ்விய தழும்பு இருந்தால் வல்லூறு போன்ற வேட்டைப் பறவை. தண்டு கடித்துத் துண்டாகி, எச்சில் பட்டு இறகுகள் ஒட்டிக் கிடந்தால் பூனையோ கீரியோ. வீட்டில் பூனை இருந்தால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும்.

காக்கை இறகில் வெள்ளை இருக்கிறது. குறுக்கே கோடும் தெரிகிறது. நோயா?

இரண்டும் வேறு வேறு. இறகின் ஒரு பகுதி பளிச்சென்று வெளுத்திருந்தால் அங்கே நிறமி சேரவில்லை. பிறவியிலேயே சில காக்கைகளுக்கு அப்படி இருக்கும். கறுப்பு நிறமி இல்லாத பகுதி சீக்கிரம் தேய்ந்தும் போகும், ஏனென்றால் அந்த நிறமி இறகுக்கு உறுதியும் தருகிறது. குறுக்கே மெல்லிய, கண்ணாடிபோன்ற கோடு என்றால் இறகு வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் பறவை பட்டினி கிடந்திருக்கிறது, அல்லது ஏதோ கஷ்டப்பட்டிருக்கிறது. காய்ச்சல் வந்த குழந்தையின் நகத்தில் பின்னால் ஒரு பள்ளம் தெரியுமே, அதுபோல.

எந்த மாதத்தில் அதிகம் கிடைக்கும்?

குஞ்சு பொரித்து முடிந்தபின் பெரும்பாலான பறவைகள் இறகு மாற்றும். மயில் தோகையை ஆவணி, புரட்டாசியில் தேடுங்கள். காக்கை, மைனாவுக்கும் ஏறக்குறைய அதே காலம்தான். சிறகு இறகுகள் ஒரே நாளில் கொட்டாது. இடப்பக்கம் ஒன்று விழுந்தால் வலப்பக்கமும் அதே இடத்து இறகு ஒன்று விழும், பறக்கும்போது சமநிலை கெடாமல் இருக்க. ஒரே வாரத்தில் உங்களுக்கு ஜோடி கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கையால் தொடலாமா? வைத்துக்கொள்ளலாமா?

தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பறவை செத்துக் கிடந்து அதைச் சுற்றி இறகு என்றால் தொடவே வேண்டாம்; பல பறவைகள் சேர்ந்து செத்திருந்தால் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் இறகையும் அந்த உயிரின் பகுதியாகவே பார்க்கிறது. தானாக உதிர்ந்த மயில் தோகைக்கு மட்டும் விலக்கு உண்டு, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. நம்ம பக்கம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு முறுக்கு, மாவுருண்டையோடு ஒரு கட்டுத் தோகையும் பெட்டியில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள். மற்றப் பறவைகளின் இறகைப் படம் எடுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவது என் வழக்கம்.

வைத்திருக்கும் தோகையைப் பூச்சி அரிக்கும். நகம் எதனால் ஆனதோ அதே பொருளால்தான் இறகும் ஆனது, அதைத் தின்னவே பிறந்த வண்டுகள் உண்டு. அந்துருண்டை போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். தேக்குப் பெட்டி என்றால் சும்மா வைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, வண்டுக்கு அது தெரியாது.

மயிலிறகு புத்தகத்துக்குள் குட்டி போடுமா?

நான்காம் வகுப்பில் எனக்குப் போட்டது. பக்கத்து பெஞ்சுக்காரன் புத்தகத்திலிருந்து.

கைபேசி செயலியில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

முழுப் பறவையின் படத்தை அவை நன்றாகவே கண்டுபிடிக்கின்றன, தனி இறகில் தடுமாறுகின்றன. இந்தியப் பறவை இறகுகளுக்கென்றே 2021-இல் அகமதாபாத்தில் 'ஃபெதர் லைப்ரரி' என்று ஒரு மின்தொகுப்பு தொடங்கினார்கள். ஒரு பறவையின் சிறகும் வாலும் இறகு இறகாக அடுக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள். உங்கள் இறகை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்களுக்குப் படம் அனுப்பினால் என்னென்ன வேண்டும்?

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, அளவோடு. வெள்ளைத் தாளின் மேல், நிழலில். ஆத்தங்குடிக் கல் மேல் வைத்து எடுக்காதீர்கள், தரையின் பூவேலையில் இறகைத் தேட வேண்டியிருக்கிறது. கிடைத்த தேதி, மரத்தடியா மதில் ஓரமா என்பது. பக்கத்து வீட்டில் என்ன வளர்க்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.